555 நோட்டும் நாலு வாசலும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீட்டு வரவு செலவைக் கையால் நோட்டில் எழுதுவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளைப் படித்ததும் இந்த முறை வேறு எந்த விஷயத்துக்கும் போகவேண்டாம், பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எல்லாருடைய கடிதத்தையும் போட இடமில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் இருவருமே வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். 25ஆம் தேதி சம்பளம் வருகிறது, அடுத்த மாதம் 12, 13ஆம் தேதிக்கெல்லாம் எப்போது அடுத்த சம்பளம் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஆடம்பரமாக எதுவும் வாங்குவதில்லை. கைப்பேசியில் செலவுக் கணக்குச் செயலியை மூன்று தடவை இறக்கினேன், மூன்று தடவையும் இரண்டு வாரத்தோடு விட்டுவிட்டேன். நோட்டில் எழுதினால் மட்டும் மாறிவிடுமா? கணவர் "நீ காலையில் கடையில் கோப்பி குடிப்பதை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். (செங்காங் வாசகி)

பதில்: முதலில் கோப்பியைக் குடியுங்கள். ஒரு கோப்பி 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 40 காசு என்றால் மாதம் முப்பது நாளும் குடித்தாலும் 42 வெள்ளி. இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் 12ஆம் தேதி கையைக் கடிப்பது அந்த 42 வெள்ளியாக இருக்க முடியாது. நான் எழுத ஆரம்பித்தது 2005இல். அப்போது நானும் கோப்பியும் கேக்கும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கோப்பிக்கு 20 வெள்ளிகூட ஆகவில்லை, காலையில் பத்து நிமிடம் தாமதமாக எழுந்ததற்காகப் பிடித்த டாக்சிகள் மட்டும் 160 வெள்ளியைத் தாண்டியிருந்தன. ஒவ்வொரு தடவையும் "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்றுதான் ஏறியிருக்கிறேன். அதை நோட்டில் என் கையெழுத்திலேயே பதினாறு தடவை பார்த்தபோதுதான் உறைத்தது.

செயலி ஏன் உங்களிடம் நிலைக்கவில்லை என்று கேட்டால், அது உங்கள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் பணம் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போனது. அம்மா தேக்கா சந்தைக்குப் போகும்போது பர்ஸில் 50 வெள்ளி இருக்கும், திரும்பி வரும்போது 8 வெள்ளி இருக்கும், நடுவில் என்ன நடந்தது என்று கைக்கே தெரியும். இப்போது நாலு வாசல். கையில் காசு, தட்டுகிற கார்டு, கைப்பேசியிலிருந்தே இன்னொருவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிற பேநவ், அப்புறம் நம்மைக் கேட்காமலே மாதாமாதம் வங்கியிலிருந்து போய்விடுகிற ஜைரோ. நாலுக்கும் தனித்தனியாகப் பதிவு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் வீட்டில் யாரும் இல்லை. போதாக்குறைக்கு வங்கிப் பட்டியலில் கடையின் பெயர் நாம் அறிந்த பெயராக இருக்காது, ஏதோ ஒரு நிறுவனத்தின் பதிவுப் பெயர் இருக்கும். 38 வெள்ளி 60 காசு, இது என்ன, யாருக்கு என்று யோசித்துவிட்டு விட்டுவிடுவோம். நோட்டில் அதே வரி "அத்தைக்கு முழங்கால் தைலம், இருமல் மருந்து 38.60" என்று இருக்கும். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். நான் கையால் எழுதச் சொல்வது இதற்காகத்தான், தொகையோடு காரணமும் சேர்ந்து பதிவாகிறது.

சரி, எப்படி எழுதுவது? இரண்டு நோட்டு வேண்டும். நம் ஊர்ப் பழைய மாமாக் கடைகளில் (சின்னச் சில்லறைக் கடைகளில்) வாடிக்கையாளர் பற்று, அதாவது கடன், எழுதுவதற்கு உள்ளங்கையளவில் 555 என்று அச்சிட்ட சின்ன நோட்டு ஒன்று இருக்குமே, அது இன்றும் கிடைக்கிறது, இல்லாவிட்டால் அந்த அளவில் எதுவானாலும் சரி. அது கைப்பையில் இருக்கட்டும். காசு போன இடத்திலேயே, ரயில் வருவதற்குள், ஒரு வரி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் இருக்கிற பெரிய நோட்டில் அதை எடுத்து எழுதுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தக் காலத்தில் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் சிட்டை என்றும் பேரேடு என்றும் இரண்டு வைத்திருந்தது இதற்குத்தான். நடந்ததை நடந்தபடி அன்றைக்கே குறிப்பது ஒன்று, அதைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பதிவது இன்னொன்று. ஒரே நோட்டில் இரண்டையும் செய்யப் போனால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். செயலியில் உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஒரு ரொட்டி வாங்கினாலும் அது உணவா, மளிகையா, பிள்ளைகள் செலவா என்று உடனே ஒரு கட்டத்தில் போடச் சொல்லிக் கேட்கும். சின்ன நோட்டு அப்படிக் கேட்காது. முதல் மாதம் எந்தப் பிரிவும் வேண்டாம். மாதம் முடிந்து படிக்கும்போது உங்கள் வீட்டுக்கு என்ன பிரிவு தேவை என்று நோட்டே சொல்லும்.

மாதத்தின் முதல் பக்கம் மட்டும் வேறு மாதிரி. வரவை அங்கே எழுதுங்கள், ஆனால் கைக்கு வருவதை எழுதுங்கள். சம்பளம் 4,000 வெள்ளி என்றால் மத்திய சேம நிதிக்கு உங்கள் பங்கு 20 விழுக்காடு, 800 வெள்ளி, அப்புறம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 7 வெள்ளி, ஆகக் கையில் 3,193. "எனக்கு நாலாயிரம் சம்பளம்" என்ற நினைப்பிலேயே செலவு செய்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த 807 வெள்ளி மனத்தில் மட்டும் இருக்கிற பணம். அதற்குக் கீழே ஜைரோவில் போகிறவற்றை எல்லாம் எழுதுங்கள்: வீட்டுக் கடனில் சேம நிதி போகக் கையிலிருந்து கட்டுவது, நகர மன்றக் கட்டணம், தண்ணீர் மின்சாரம், இணையம், நாலு பேர் கைப்பேசி, காப்புறுதி, டியூஷன், பணிப்பெண் இருந்தால் அவருடைய சம்பளமும் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையும் (சலுகை இருந்தால் மாதம் 60 வெள்ளி, இல்லாவிட்டால் 300). இதையெல்லாம் வங்கிப் பட்டியலைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் முதலில் ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். மறந்துபோன வரிகள்தான் முக்கியமான வரிகள். பார்க்காத படச் சேவைக்குச் சந்தா, பெரியவன் விட்டுவிட்ட நீச்சல் வகுப்புக்கு இன்னும் போகும் கட்டணம், இப்படி ஏதாவது ஒன்று இல்லாத வீடு குறைவு.

இன்னொரு பக்கத்தில் வருடத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுகளை எழுதுங்கள். உங்களைப் போன்ற குடும்பங்களின் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் இவற்றை நாம் "திடீர்ச் செலவு" என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் இவற்றில் ஒன்றுகூடத் திடீர் இல்லை. சொத்து வரி ஜனவரி 31க்குள், பள்ளிப் புத்தகமும் சீருடையும் வருடக் கடைசியில், தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ, ஊருக்குப் போகிற டிக்கெட் டிசம்பர் விடுமுறைக்கு. ஒரு வீட்டுக்குத் தீபாவளி 1,200, ஊர்ப் பயணம் 3,600, பள்ளிச் செலவு 400, ஆண்டுக் காப்புறுதி 1,800, சொத்து வரி 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 600. அந்த 600ஐ யாரும் எடுத்து வைப்பதில்லை, அதனால் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை கார்டில் ஏறி, பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அதைத்தான் கட்டிக்கொண்டிருப்பார்கள். உங்கள் 12ஆம் தேதித் தொல்லைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். நோட்டு மூன்று மாதத்தில் சொல்லிவிடும்.

கணவர் விஷயம். நோட்டை அவரிடம் காட்டி "பாருங்கள், உங்கள் செலவுதான் அதிகம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், அவரும் உங்கள் கோப்பியை எடுக்காமல் இருக்கட்டும். நோட்டைச் சண்டைக்கு எடுத்த வீட்டில் இரண்டாம் மாதத்திலிருந்து பொய்க் கணக்கு எழுத ஆரம்பிப்பார்கள், பொய்க் கணக்கை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதே மேல். நாங்கள் வீட்டில் செய்தது என்னவென்றால், இருவருக்கும் சமமாக ஒரு தொகை, எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. நோட்டில் அது ஒரே வரியாக "அவர் கைச்செலவு 150, என் கைச்செலவு 150" என்று போய்விடும். மற்றதெல்லாம் இருவர் கையெழுத்திலும் ஒரே நோட்டில். உங்கள் கோப்பி அந்த 150இல் சேர்ந்துவிடும், அதைப் பற்றி அப்புறம் பேச்சே இருக்காது.

கேள்வி: எந்த மாதிரி நோட்டு வாங்கலாம்? கடைகளில் கட்டம் போட்டு அழகழகாக 30 வெள்ளிக்கு எல்லாம் இருக்கிறதே. (பொங்கோல்)

பதில்: பள்ளிப் பிள்ளைகள் வருடக் கடைசியில் பாதி எழுதி விட்டுவைக்கும் நோட்டு போதும். என் அம்மா அப்படித்தான் என்னுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதுவார். அழகான நோட்டாக இருந்தால் அடித்துத் திருத்த மனம் வராது, அடித்தல் திருத்தல் இல்லாமல் வீட்டுக் கணக்கு எழுத முடியாது.

கேள்வி: அக்கா, நான் புதுக்கோட்டைப் பக்கம். துவாஸில் விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, ஓடி (கூடுதல் நேர வேலை) இருந்தால் கொஞ்சம் கூட வரும். கேட்டரிங் சாப்பாடு, டாப் அப், ஞாயிற்றுக்கிழமை தேக்கா போய் வருவது, இவ்வளவுதான் செலவு. மிச்சம் எல்லாம் ஊருக்கு. இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. எனக்குச் செலவே இல்லையே, நான் என்ன கணக்கு எழுதுவது?

பதில்: தம்பி, உன் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். உனக்குச் செலவுக் கணக்கைவிட வரவுக் கணக்கு முக்கியம், அதை யாரும் உனக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

தினமும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த சைட், அன்றைய மேற்பார்வையாளர் யார், இதைச் சின்ன நோட்டில் அன்றைக்கே எழுது. ஒப்பந்த நேரத்துக்கு மேல் செய்த வேலைக்குச் சட்டப்படி மணிக்கணக்கு அடிப்படைச் சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தரவேண்டும். மணிக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வருகிற 2,288ஆல் வகுக்கவேண்டும். உனக்கு 9,600ஐ 2,288ஆல் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 4 வெள்ளி 20 காசு, ஒன்றரை மடங்கு 6 வெள்ளி 29 காசு. மாதம் 40 மணி நேரம் ஓடி செய்திருந்தால் 251 வெள்ளிக்கு மேல் வரவேண்டும். ஓடி மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. உன் நோட்டுக் கணக்கும் சம்பளச் சீட்டும் ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் பார். வகைவாரியாகப் பிரித்த சம்பளச் சீட்டைக் கொடுப்பது 2016 ஏப்ரல் 1 முதல் முதலாளிகளின் கட்டாயக் கடமை. சம்பளம், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள்ளும், ஓடிப் பணம் பதினாலு நாளுக்குள்ளும் வரவேண்டும். வித்தியாசம் இருந்தால் முதலில் அலுவலகத்தில் நோட்டைக் காட்டிப் பணிவாகவே கேள், பல நேரம் நேரக்குறிப்பைத் தவறாகப் பதிந்திருப்பார்கள், திருத்திவிடுவார்கள். திருத்தாவிட்டால் மனிதவள அமைச்சு வழியாகப் புகார் செய்யலாம், வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும். அப்போது தேதியோடு தினமும் எழுதிய நோட்டு உன் பேச்சுக்குப் பெரிய பலம்.

அடுத்தது ஊருக்கு அனுப்புவது. "வீட்டுக்கு 600" என்று ஒரே வரியில் எழுதாதே. அன்றைக்கு ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய், அனுப்பக் கட்டணம் எவ்வளவு, ஊரில் கையில் வந்து சேர்ந்தது எவ்வளவு, மூன்றையும் எழுது. சில இடங்களில் கட்டணம் குறைவு என்று போர்டு வைத்திருப்பார்கள், ரூபாய் மாற்று விலையில் எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கு 25 பைசா குறைந்தால் 600 வெள்ளிக்கு 150 ரூபாய் போயிற்று. நாலைந்து மாதம் எழுதினால் எந்த இடத்தில் அனுப்புவது லாபம் என்று விடுதியில் மற்றவர்களுக்கும் நீ சொல்லலாம்.

கடனுக்குத் தனிப் பக்கம். மேலே வாங்கிய தொகை, வட்டி எவ்வளவு, கீழே ஒவ்வொரு தடவை அடைத்ததும் பாக்கி. இரண்டு வருடத்தில் பாதி நிற்கிறது என்கிறாயே, நீ அனுப்பியதில் எவ்வளவு கடனுக்குப் போனது, எவ்வளவு வேறு செலவுக்குப் போனது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அதில் வீட்டில் இருப்பவர்கள் மேல் கோபப்படவும் ஒன்றுமில்லை, அங்கேயும் ஆஸ்பத்திரி, கல்யாண மொய், கூரை மாற்றுவது என்று வந்துகொண்டேதான் இருக்கும். அம்மாவையோ மனைவியையோ அங்கே ஒரு நோட்டு போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது ஐந்து நிமிடம் இரண்டு நோட்டையும் வாசியுங்கள். உன் பக்கம் 600 வெள்ளி என்பது அவர்கள் பக்கம் என்னவாயிற்று என்று நீயும், அந்த 600 வெள்ளிக்கு இங்கே நீ எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாய் என்று அவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நண்பர்களோடு சாப்பிடப் போனால் ஒருவர் கார்டில் கட்டுவார், மற்றவர்கள் அவருக்குப் பேநவ் செய்வோம். நான் கட்டிய மாதங்களில் என் செலவு பயங்கரமாகத் தெரிகிறது, திரும்பி வந்த பணம் வரவு மாதிரித் தெரிகிறது. எப்படி எழுதுவது? மூன்று தவணையில் கட்டும் செயலிகளில் வாங்கியதை எந்த மாதத்தில் எழுதுவது? (பீஷான் இளைஞர்)

பதில்: உங்கள் பங்கு மட்டும்தான் உங்கள் செலவு. நாலு பேர் சாப்பிட்டு நீங்கள் கட்டினால் கால் பங்கைச் செலவில் எழுதிவிட்டு, மிச்சத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் "வரவேண்டியது" என்று பெயரோடு எழுதுங்கள். வந்ததும் அடித்துவிடுங்கள். மாமாக் கடைக்காரர் 555 நோட்டில் செய்தது இதைத்தான். மாதக் கடைசியில் அடிபடாமல் நிற்கும் பெயர்களைப் பார்த்தால் யாருக்கு ஞாபகப்படுத்தவேண்டும் என்று தெரியும், கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மறந்துதான் போயிருப்பார்கள்.

சாப்பாட்டு அட்டையில் போட்டிருக்கும் விலையை எழுதாதீர்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்ட உணவகத்தில் 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 110, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்து 119 வெள்ளி 90 காசு. ஆர்டர் செய்யும்போது மனத்தில் இருந்த கணக்கைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நோட்டில் 119.90 என்று எழுதி எழுதித்தான் எனக்கு அது மண்டையில் ஏறியது, இப்போது அட்டையைப் பார்க்கும்போதே கூட்டிக்கொள்கிறேன்.

தவணை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். 360 வெள்ளிக்குக் காலணி வாங்கினால் வாங்கிய அன்றைக்கே 360 என்று செலவில் எழுதுங்கள். மாதம் 120 என்று பிரித்து எழுதினால் அது சின்னதாகத் தெரியும், அப்படித் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அதைப் பிரித்திருக்கிறார்கள். கொடுக்கவேண்டிய தவணைகளைக் கடைசிப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். கடன் அட்டையும் அப்படியே, தட்டிய நாளில் எழுதுங்கள், பில் வரும் நாளில் இல்லை. அட்டையில் முழுத் தொகையைக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வருடத்துக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும். அப்படி ஏற்கெனவே பாக்கி இருந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தொகையைப் பெரிதாக எழுதிவைத்து, வேறு எதற்குச் சேமிப்பதற்கும் முன்னால் அதை முடியுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. என் தகப்பனார் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கி (வட்டித் தொழில் நடக்கும் இடம்) ஒன்றில் கணக்கு எழுதினார். அவர் சொல்லித் தந்தபடி இன்றும் பற்றுக்கும் வரவுக்கும் பழைய குறி போட்டுத்தான் எழுதுகிறேன். பேத்தி பார்த்துவிட்டு இது என்ன படம் என்கிறாள். அவள்தான் அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் எடுத்துத் தருகிறாள். அது காசு மாதிரியா? கணக்கில் எழுதவேண்டுமா? (தோ பாயோ)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, நாளுக்கு ௳ என்று எழுதத் தெரிந்தவர்கள் இந்தத் தீவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசிக்கிறேன். டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டிய செட்டியார்களின் தொழில் முழுவதும் தரையில் உட்கார்ந்து சின்னப் பெட்டி மேல் நோட்டை வைத்து எழுதிய கணக்கில்தான் நடந்தது. சிட்டையில் தொடங்கி ஐந்தொகையில் (இருப்புநிலைக் கணக்கில்) போய் முடிகிற வித்தை அது. அந்தக் குறிகள் இப்போது கணினி எழுத்துருவிலும் இருக்கின்றன, பேத்தியின் கைப்பேசியிலேயே வரும். அவளை ஒரு வாரம் உங்கள் நோட்டை எழுதச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும், குறிகளும் வந்துவிடும், பாட்டி ஒரு நாளைக்கு எதற்கெல்லாம் செலவு செய்கிறார் என்றும் அவளுக்குத் தெரியும்.

பற்றுச்சீட்டைக் கட்டாயம் எழுதுங்கள், அது உங்களுக்கு வந்த பணம். 2025 ஜனவரியில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளி கொடுத்தார்கள், அதில் 150 பேரங்காடிக்கு, 150 உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், வருடக் கடைசி வரை செல்லும் என்று. இந்த மாதிரி வரும்போது ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் பேரங்காடி, அந்தப் பக்கம் உணவங்காடியும் கடைகளும் என்று வரவு வைத்துவிட்டு, செலவழிக்கச் செலவழிக்கப் பற்று எழுதிக்கொண்டு வாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று பேத்தியைக் கேட்கவேண்டிய தேவையே இருக்காது. பற்றுச்சீட்டில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், அதனால் 8 வெள்ளி 60 காசுக்குச் சாமான் என்றால் 8 வெள்ளிக்குச் சீட்டும் 60 காசு கையிலிருந்தும் கொடுத்து இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். காலாவதித் தேதியைப் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பழைய நோட்டுகளை என்ன செய்வது? வீடு சின்னது. (உட்லண்ட்ஸ்)

பதில்: தினசரி எழுதிய சின்ன நோட்டுகளை ஒரு வருடம் கழித்துக் கிழித்துப் போடலாம். பெரிய நோட்டை வைத்திருங்கள், வருடத்துக்கு ஒன்றுதானே. விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம், எதில் எவ்வளவு ஏறியது என்று உங்கள் வீட்டுக்கு மட்டும் உண்மையாகச் சொல்லக்கூடியது அந்த நோட்டுதான். பொருள் சேவை வரி 2007 ஜூலையில் 7 விழுக்காடானது, 2023இல் 8, 2024இல் 9. அதனால் 100 வெள்ளிச் சாமானுக்கு இரண்டு வெள்ளிதான் கூடியிருக்கவேண்டும், உங்கள் மளிகை அதைவிட அதிகம் ஏறியிருந்தால் மிச்சம் பொருளின் விலையிலோ நீங்கள் வாங்கும் அளவிலோ இருக்கிறது. மின்சாரத்துக்குத் தொகையோடு யூனிட்டையும் எழுதுங்கள். கட்டண விகிதம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுவதால் தொகையை மட்டும் பார்த்தால் குளிர்சாதனத்தை அதிகம் போட்டோமா, விகிதம் கூடியதா என்று தெரியாது.

கேள்வி: இரண்டு மாதமாக எழுதுகிறேன். ஒரு தடவைகூடக் கணக்கு நேராகவில்லை. போன மாதம் 12 வெள்ளி இடித்தது, இரவு ஒரு மணி வரை தேடினேன். மனம் வெறுத்துப்போய் நிறுத்திவிடலாம் போலிருக்கிறது. (புக்கிட் பாத்தோக்)

பதில்: ஒரு மணி வரை தேடியிருக்கவேண்டாம். இரண்டு பேர் சம்பாதித்து நாலு வாசலில் பணம் போகிற வீட்டில் 12 வெள்ளிதான் இடிக்கிறது என்றால் நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். "தெரியவில்லை 12" என்று அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். நான் 20 வருடமாக எழுதுகிறேன், என் நோட்டில் அந்த வரி இல்லாத மாதம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த வரி மாதாமாதம் 30, 40 என்று ஏறிக்கொண்டே போனால் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். பஸ் கார்டில் பணம் குறைந்ததும் தானாகவே வங்கியிலிருந்து ஏறும்படி வைத்திருப்பீர்கள், அதை யாரும் எழுதமாட்டோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சில்லறையும் அப்படித்தான் தப்பிவிடும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுத்ததை எழுதியிருப்பீர்கள், உண்டியலில் போட்டதை எழுதியிருக்கமாட்டீர்கள். அப்புறம் காசுக் கணக்கு. ஒரு காசு நாணயத்தை வெளியிடுவதை 2002இலேயே நிறுத்திவிட்டார்கள், ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து காசுக்கு முழுமையாக்கி வாங்குவார்கள், அதனால் ரசீதில் 18.23 என்று இருந்தாலும் நீங்கள் கொடுத்தது எவ்வளவோ அதையே எழுதுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் பர்ஸைக் கவிழ்த்து எண்ணி, கையில் இருப்பது எவ்வளவோ அதைக் கையிருப்பு என்று புதுப் பக்கத்தின் மேல் எழுதிவிடுங்கள், போன மாதத்து நோட்டு என்ன சொன்னாலும் சரி. அந்த 12 வெள்ளி போன மாதத்தோடு போகட்டும்.